இரண்டு டப்பா உப்பு

அந்த வீட்டில் குதிரைக்கான உப்பு இரண்டு டப்பாக்களில் இருந்தது. லாயத்துப் பலகையின் இடது ஓரத்தில் நீல மூடி போட்டது மாமனாருடையது. வலது ஓரத்தில் சிவப்பு மூடி போட்டது அவர் மகனுடையது. நடுவில் ஒரு முழம் வெறும் பலகை. அந்த ஒரு முழத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை, பிடரி சீவும் சீப்பைக்கூட. வைத்தால் அது யார் பக்கம் என்று ஒரு பேச்சு கிளம்பும், அதைத் தீர்த்து வைக்க மருமகளுக்கு நேரமில்லை.

குதிரைக்கு எதற்கு உப்பு என்று கேட்கிறவர்கள் ஒரு நெடுந்தூர ஓட்டத்தை வந்து பார்க்க வேண்டும். விடிந்ததும் கிளம்பி, சுற்றுச் சுற்றாக மண் பாதையில் போய், பொழுது சாயும்போது முடிகிற ஓட்டம் அது. குதிரையின் வியர்வை நம்முடையதைப் போல இல்லை. காய்ந்தால் தோளில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், அவ்வளவு உப்பு. தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் உடம்பு வறண்டாலும் அதற்குத் தாகம் உறைக்காது. தொட்டியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காகத்தான் உப்பைக் கூழாகக் குழைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் அடைத்து, கடைவாயில் பீச்சுகிறார்கள். உப்பு போனால் தாகம் வரும், தாகம் வந்தால் குடிக்கும். இந்த அளவுக்கு அந்த வீட்டில் இரண்டு ஆண்களுக்கும் ஒரே கருத்துதான். எதில் குழைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

மாமனார் லாடம் அடிக்கிறவர். இடதுகைக்காரர். சுத்தியலும் இடது கையில், கரண்டியும் இடது கையில். ஆப்பிளை வேகவைத்து மசித்து அதில்தான் உப்பைக் குழைப்பார். வாய்க்கு இதம் என்பார். மகன் தீவன லாரி ஓட்டுகிறவன். அவன் கரும்புப் பாகில் குழைப்பான். வாயில் ஒட்டினால்தான் துப்பாது என்பான். ஒரு காலத்தில் இது சாப்பாட்டு நேரத்துச் சண்டையாக, சிரிப்போடு முடிகிற சண்டையாக இருந்தது. போன வருடம் பெரியவள் செத்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

பெரியவள் என்பது மனுஷி இல்லை, குதிரை. அந்த வீட்டில் குதிரையை ‘அது’ என்று சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. இதே ஓட்டத்தில், இரண்டாம் சுற்றில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பெரியவள் நின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை. குடல் ஓசை நின்றுபோய், படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் முதுகில் இருந்தவன் மகன்தான். அப்பாவுடைய ஆப்பிளால் உப்பு பத்தவில்லை என்றான் மகன். உன் பாகால் உப்பு மிதமிஞ்சிப் போனது என்றார் அப்பா. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. நின்றது என்றால், ஒருவரோடொருவர் பேசுவது நின்றது. மருமகள் வழியாகப் பேசுவது நாள் முழுக்க நடந்தது.

“உன் புருஷன்கிட்ட சொல்லும்மா, லாரியை லாயத்துக்கு முன்னால நிறுத்த வேணாம்னு.”

“உன் மாமனார்கிட்ட சொல்லு, நிறுத்த வேற இடம் இல்லன்னு.”

இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இதையும் அதையும் எடுத்துச் சொல்லுவாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் அவள் வாயால் ஒரு முறை வந்தால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

மருமகள் ஊரில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஓட்டல் படுக்கை விரிப்புகள், மேசைத் துணிகள், துண்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அவளுக்கு அங்கே கறை பிரிக்கிற வேலை. எந்தக் கறை வெந்நீருக்குப் போகும், எது வெந்நீர் பட்டால் இன்னும் இறுகும் என்று பார்த்துத் தனித்தனித் தொட்டியில் போட வேண்டும். திரும்பி வந்தால் லாயத்தைக் கூட்டுவது, தண்ணீர் சுமப்பது, வைக்கோல் உதறுவது. ஓட்ட நாளில் வாளியோடு ஒவ்வொரு இடமாகக் காத்து நிற்பது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாளிதான். சேணத்தில் ஏறுவதெல்லாம் சாயங்காலம் யாரும் இல்லாதபோது, பெரியவளின் மகள் சின்னவள் மேல்.

பெரியவளுக்குப் பிறகு கணவன் சேணத்தில் கால் வைக்கவில்லை. லாயத்தைப் பிரித்துவிட்டு லாரி நிறுத்தப் போகிறேன் என்றான். சின்னவளைக் குட்டி போட வைக்க ஒரு பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முற்றிய ஒரு சாப்பாட்டு வேளையில்தான் மருமகள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

“இந்த வருஷ ஓட்டத்துல சின்னவளை நான் ஓட்டறேன்” என்றாள்.

“நீயா?” என்றான் கணவன்.

“நான்தான். இவ முழுசா முடிச்சு, டாக்டர் நல்லாயிருக்கான்னு சொல்லிட்டா லாயம் இருக்கும். முடிக்கலன்னா நானே கடப்பாரையை எடுத்துத் தர்றேன்.”

மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உன் புருஷன் என்ன சொல்றான்னு கேளும்மா.”

“அவரு எதிர்லதான் இருக்காரு மாமா. நீங்களே கேளுங்க.”

மாமனார் கேட்கவில்லை. மகனும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு உதவிக்கு வந்திருந்த நாத்தனார் மட்டும், “அண்ணி ஓட்டினா நான் வாளி தூக்கறேன்” என்றாள். அப்படித்தான் முடிவாயிற்று.

ஓட்டத்துக்கு முந்தின நாள் கணவன் சொன்னான்: “உன் மாமனார்கிட்ட சொல்லு, காலையில உப்பு நான் குடுத்துக்கறேன். அவரு எதுவும் பண்ண வேணாம்.” அவள் போய்ச் சொன்னாள். மாமனார் குளம்பை மடியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமல் “சரி” என்றார். அந்தச் சரி அவ்வளவு சரியாக இல்லை என்பது அவளுக்குப் பட்டது. பட்டும் விட்டுவிட்டாள், அவளுக்குச் சேணத்தின் வார் தைக்கிற வேலை இருந்தது.

காலையில் திடலில் பனி இன்னும் விலகவில்லை. லாரிகளும் வண்டிகளும் வரிசையாக நின்றன, குதிரைகள் அவற்றில் கட்டிக்கிடந்தன. அவள் ஓட்டத்துக்கான எண் வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது சின்னவள் தலையை ஆட்டி ஆட்டிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் பார்த்த குஷி என்று நினைத்து ஏறிவிட்டாள் மருமகள்.

முதல் சுற்று வயல்களுக்கு நடுவே. பாதி தூரத்தில் ஒரு ஓடை. முன்னால் போன குதிரைகள் வரிசையாக நின்று குடித்தன. சின்னவள் உதட்டைத் தண்ணீரில் வைத்தாள், சுட்டது போல எடுத்துக்கொண்டாள். அடுத்து ஒரு தொட்டி. அங்கேயும் மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறினாள். பனி போய் வெயில் ஏறிவிட்டது. சின்னவளின் கழுத்தில் வியர்வை நுரை கட்டியிருந்தது. மருமகள் இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். தாண்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் டாக்டர் கேட் உண்டு. குதிரையின் நாடி இறங்க வேண்டும், குடல் ஓசை கேட்க வேண்டும், ஈறு ஈரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே ஓட்டம் முடிந்தது. சின்னவளின் நாடி மெதுவாக, மனசில்லாமல் இறங்கியது. டாக்டர் ஒரு பெண்மணி, தொப்பி போட்டவர், அவசரமே படாதவர். வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து நின்றுவிட்டார்.

“வாயெல்லாம் வெந்து போயிருக்கு. இன்னைக்கு உப்பு எத்தனை தரம் குடுத்தீங்க?”

“காலையில ஒரு தரம் டாக்டர்.”

“ஒரு தரத்துக்கு இப்படி ஆகாது. தொடர்ந்து குடுத்திருப்பீங்க, இல்லன்னா ரொம்பக் குடுத்திருப்பீங்க. இதுக்குத் தாகம் இருக்கு. வாய் எரியுது, அதான் குடிக்கல. வயித்துல தண்ணி இல்லாம உப்பு மட்டும் இருந்தா, உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியையும் அது குடலுக்கு இழுத்துக்கும். குடல் ஓசை இப்பவே குறைவாத்தான் கேக்குது.”

மருமகள் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை நனைத்துச் சின்னவளின் வாயைத் துடைத்தாள். இடது கன்னத்தின் உட்புறத்தை ஒரு நுனியால், வலது கன்னத்தை இன்னொரு நுனியால். துண்டை விரித்துப் பார்த்தாள். தொழில் புத்தி அப்படி, கறையைப் பார்க்காமல் துணியை மடிக்க மாட்டாள். ஒரு நுனியில் இளம்பழுப்பாகத் திரிதிரியாக ஆப்பிள் கூழ். இன்னொரு நுனியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று பாகு.

இடதுகைக்காரர் ஒரு கன்னத்தில் பீச்சுவார். வலதுகைக்காரன் மறு கன்னத்தில் பீச்சுவான்.

அப்போதுதான் அவளுக்குப் போன வருடத்துத் துண்டு நினைவுக்கு வந்தது. பெரியவள் மதகடியில் கிடந்தபோது அவள்தான் முகத்தைத் துடைத்துவிட்டாள். மறுநாள் அந்தத் துண்டைத் துவைத்ததும் அவள்தான். ஒரு பக்கத்துக் கறை வெந்நீர் பட்டதும் கரைந்து போயிற்று. மறு பக்கத்துக் கறை வெந்நீரில் இன்னும் பழுப்பேறி இறுகிக்கொண்டது. பழக்கறைக்கு அதுதான் குணம். ஒரே துண்டில் எப்படி இரண்டு கறை என்று அப்போதே ஒரு கணம் தோன்றியது. சாவு விழுந்த வீட்டில் துண்டைப் பற்றி யார் கேட்பார்கள், அவளும் அலசிக் காயப்போட்டுவிட்டாள். இப்போது கறை உள்ளே இருக்கும்படி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நிழலுக்குச் சின்னவளைக் கொண்டுபோனதும் இரண்டு பேரும் வந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து கணவன், கையில் நிரப்பிய சிரிஞ்சு. இடப்பக்கத்திலிருந்து மாமனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அந்தக் கையில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்.

“தள்ளு, குடுத்துடறேன். தண்ணியே குடிக்கலயாமே” என்றான் கணவன்.

அவள் குதிரையின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

“யாரும் கிட்ட வரக்கூடாது. மாமா, பின்னால இருக்கிற கையை முன்னால கொண்டாங்க.”

“எதுக்கும்மா?”

“கொண்டாங்கன்னா கொண்டாங்க.”

மாமனார் கொண்டுவந்தார். சிரிஞ்சில் ஆப்பிள் கூழ் நிறைந்திருந்தது. மகன் அதைப் பார்த்தான். “உன் மாமனாருக்கு நான் சொல்லச் சொன்னேனே, சொன்னியா இல்லையா?” என்று அவளிடம்தான் கேட்டான்.

“சொன்னேன். அவரு சரின்னாரு. சரின்னுட்டு நான் எண் வாங்கப் போன நேரத்துல வந்து குடுத்திருக்காரு. நீங்களும் குடுத்திருக்கீங்க. முதல்ல யாரு குடுத்தீங்களோ எனக்குத் தெரியாது, ரெண்டாவது ஆளு, ஏற்கெனவே குடுத்தாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்கறதுக்கு உங்களுக்குத்தான் வாய் இல்லையே. இவ வாய் வெந்து போச்சு.”

“அந்தப் பாகை நம்பி எப்படிம்மா விடறது? போன வருஷம் பட்டது போதாதா?” என்றார் மாமனார்.

“போன வருஷம் நானும்தான் பட்டேன்” என்றாள். குரல் உயரவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் மட்டும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். “பெரியவ முகத்தைத் துடைச்சது நான். அந்தத் துண்டைத் துவைச்சது நான். அதுலயும் இதே மாதிரி ரெண்டு நுனியிலயும் ரெண்டு கறை இருந்துச்சு. உங்க ஆப்பிளும் இருந்துச்சு மாமா, உங்க மகனோட பாகும் இருந்துச்சு. ஒருத்தர் பத்தலன்னீங்க, ஒருத்தர் அதிகமாப் போச்சுன்னீங்க. ஒரு வருஷமா என்னை நடுவுல உக்கார வச்சு இதையே பேசினீங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், ரெண்டு பேருமே குடுத்திருக்கீங்க.”

துண்டை விரித்து இரண்டு பேருக்கும் காட்டினாள்.

மாமனார் அப்படியே மணலில் உட்கார்ந்தார். கணவன் சிரிஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். நாத்தனார் ஒரு வாளியைத் தூக்கி, அதைத் தூக்கிய காரணம் மறந்து, கீழே வைத்தாள்.

“லாரியில ஏத்திடலாம்” என்றான் கணவன் கடைசியில். “போதும். வீட்டுக்குப் போகலாம். இன்னொருத்தியைச் சாகக் குடுத்துட்டு வர என்னால முடியாது.”

“ஏத்திடும்மா” என்றார் மாமனார் தரையிலிருந்து.

ஒரு வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். அதுவும் அவளுக்கு எதிராக.

“முடிவு நீங்க எடுக்காதீங்க. நேத்து வரைக்கும் எடுத்த முடிவெல்லாம் பார்த்தாச்சு” என்றாள் அவள். “டாக்டர் என்னைத்தான் கேப்பாங்க, நான்தான் சேணத்துல இருக்கேன்.”

டாக்டர் சொன்னதும் நேராகத்தான் இருந்தது. “உப்பு ஒரு பொட்டுக்கூட வேணாம். தண்ணி குடிக்கணும், மூத்திரம் போகணும், தீனி எடுக்கணும். மூணும் நடந்தா என்கிட்ட திரும்பக் கொண்டாங்க, பார்த்துட்டு அனுப்பறேன். நடக்கலன்னா நானே நிறுத்திடுவேன்.”

“சரிங்க டாக்டர்.”

“கிளம்பற நேரம் தாண்டிடும். அதுக்கப்புறம் எல்லாருக்கும் பின்னாலதான் போவீங்க.”

“போறேன். பின்னாலயும் பாதை இருக்குல்ல.”

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போனார்.

மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. திடல் காலியாகிக்கொண்டே வந்தது. மருமகள் சின்னவளின் வாயைப் பச்சைத் தண்ணீரால் மறுபடி மறுபடி கழுவினாள், கூழும் பாகும் பிசுக்கில்லாமல் போகும்வரை. கடிவாளத்தின் இரும்பு புண்ணில் உரசும் என்று அதைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள்.

“வாயில இரும்பு இல்லாம எப்படி அண்ணி நிறுத்துவீங்க?”

“முகக்கயிறு இருக்கு. நில்லுன்னு சொன்னா நிப்பா. இந்த வீட்ல சொன்ன பேச்சைக் கேக்கறது இவ ஒருத்திதான்.”

வாளியைக் காட்டினாள், சின்னவள் பார்க்கவில்லை. தொட்டிக்குக் கூட்டிப்போனாள், நின்றாள், குடிக்கவில்லை. கணவன் தூரத்தில் நின்று, “நேரம் போகுது” என்றான். அவள் திரும்பவில்லை. கயிற்றைத் தளர்த்தி, உனக்கு எங்கே போகணுமோ போ என்று விட்டுவிட்டாள். அவளும் பின்னாலேயே நடந்தாள். சின்னவள் திடலை மெல்லச் சுற்றிவிட்டு, தண்ணீர் லாரி நிற்கிற மூலைக்குப் போனாள். அங்கே குழாய் ஒழுகி, மாட்டுத் தடமும் டயர்த் தடமுமாகச் சேறு கட்டியிருந்தது. நிழலில் கிடந்த கலங்கல் தண்ணீர். கன்றுக்குட்டிகூட அதைக் குடிக்க யோசிக்கும்.

சின்னவள் அதில் உதட்டை வைத்தாள். எடுக்கவில்லை.

காது முதலில் அசைந்தது. குதிரை ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் காது ஒரு முறை பின்னுக்குப் போய் வரும். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. பிறகு காது நிற்காமல் ஆடத் தொடங்கிற்று. மருமகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை, கயிறு ஆடினால் சின்னவள் தலையைத் தூக்கிவிடுவாளோ என்ற பயம்.

“சேத்துத் தண்ணியைப் போய்க் குடிக்கிறா பாருங்க” என்று யாரோ போகிற போக்கில் சொன்னார்கள்.

“எங்க வீட்டுக் குதிரை. அவ இஷ்டம்” என்றாள் மருமகள்.

குடித்தாள். புல்லும் நனைத்த தவிடும் கொஞ்சம் தின்றாள். வெகுநேரம் கழித்துக் காலை அகட்டி நின்று மூத்திரமும் போனாள். நாத்தனார் அதைப் பார்த்துக் கை தட்டினாள். ஒரு குதிரை மூத்திரம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் அந்தத் திடலில் வேறு இருந்திருக்காது. டாக்டர் திரும்பவும் குழாயை வைத்துக் கேட்டார். ஈறை அழுத்திப் பார்த்தார். “போங்க. ஓட வேணாம், போங்க” என்றார்.

இரண்டாம் சுற்றில் அவளுக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கருவேலங்காட்டு வழியே பாதை வளைந்து வாய்க்கால் கரைக்கு வந்தது. மதகு தெரிந்தது. வேறு பாதை இல்லை, இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். பக்கத்தில் வந்ததும் இறங்கினாள். பெரியவள் கிடந்த இடத்தில் இப்போது புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

சின்னவள் தன் பாட்டுக்குக் கரையிறங்கி, முன்னங்காலைத் தண்ணீரில் வைத்து, குனிந்து குடித்தாள். அம்மா குடிக்காமல் போன தண்ணீர் அது.

“பாத்துக்கோ. உன் மக குடிக்கிறா” என்றாள் மருமகள் அந்தப் புல்லைப் பார்த்து. இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. சொன்னால் அழுகை வரும், அழுதுகொண்டு சேணம் ஏறினால் கால் வழுக்கும். சின்னவள் போதுமென்று நிமிர்ந்ததும் ஏறிவிட்டாள்.

இரண்டாம் கேட்டுக்கு வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. சின்னவளின் தோளிலும் தொடையிலும் உப்புப் பூத்துக் கிடந்தது. நாடி சுருக்காக இறங்கியது. குடல் ஓசை நன்றாக இருந்தது. டாக்டர் விலாவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லாக் குடிக்கிறா. ஆனா வியர்வையில நிறையப் போயிருக்கு. கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் உப்பு வேணும்” என்றார்.

மாமனாரும் மகனும் லாரிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இரண்டு பேர் முகமும் செத்துப் போயிருந்தது.

“வேணாம்மா” என்றார் மாமனார். “இனி அந்தக் கருமத்தை எந்தக் குதிரை வாயிலயும் வைக்க வேணாம். டப்பாவைக் குப்பையில போட்டுடறேன்.”

“ஆமா. அப்படியே கூட்டிட்டுப் போயிடு. உப்பு வேணாம்” என்றான் கணவன்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. காலையில் குடு குடு என்று நின்றவர்கள், மத்தியானம் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். குதிரையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இரண்டு வேளையும் யாருமில்லை.

“காலையில வேணாம்னேன், அது அப்போ. அப்போ அவ வயித்துல தண்ணி இல்ல” என்றாள். “இப்ப இருக்கு. இப்ப வேணும். உங்க பயத்துக்காக அவளைக் காய வைக்க முடியாது. ரெண்டு சிரிஞ்சையும் எடுங்க.”

யாரும் அசையவில்லை.

“எடுங்கன்னு சொன்னேன்.”

நாத்தனார் போய் எடுத்து வந்தாள். வாளியில் நனைத்த தவிடு தளரத் தளர இருந்தது. மருமகள் மாமனாரின் சிரிஞ்சில் பாதியை அதில் அமுக்கினாள். கணவனின் சிரிஞ்சில் பாதியை அமுக்கினாள். மீதியைத் தரையில் பீச்சிவிட்டுக் கையை வாளிக்குள் விட்டுப் பிசைந்தாள். ஆப்பிளும் பாகும் தவிடும் சேர்ந்து ஒன்றாயிற்று. இனி எந்தச் சலவைக்கூடத்தில் கொடுத்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

“வாய் புண்ணு. அதனால வாய்க்குள்ள யாரும் எதையும் பீச்சக் கூடாது. அவளே தின்னா தின்னட்டும்” என்றாள்.

சின்னவள் மோந்து பார்த்தாள். ஒரு வாய் எடுத்தாள். நாக்கைச் சுழற்றி யோசித்தாள். பிறகு மூக்கை வாளிக்குள் முழுக்க விட்டுவிட்டாள். அடியில் ஒட்டியதையும் நக்கி, வாளியை மூக்காலேயே தள்ளிக்கொண்டு போனாள். அதன்பின் தொட்டிக்குத் தானாகப் போய்க் குடித்தாள்.

“ரெண்டும் சேர்ந்தா பிடிக்குது போல” என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல்.

மூன்றாம் சுற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெதுவான ஓட்டம், நடை, ஓட்டம். வழியில் நின்ற தொண்டர்கள் கொடிகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள், இவள் வருவதைப் பார்த்துத் திரும்ப விரித்தார்கள். ஒருவர், “எல்லாரும் போயாச்சும்மா, வண்டியை வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். “எனக்கு வண்டி இருக்கு, நாலு கால்ல போயிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி மேட்டில் சின்னவள் காதை முன்னால் நீட்டி, கேட்காமலே பாய்ச்சலெடுத்தாள். திடல் தெரிந்துவிட்டது அவளுக்கு. சூரியன் இன்னும் விழவில்லை, கெடு இன்னும் தாண்டவில்லை. கோட்டைக் கடைசிக் குதிரையாகத் தாண்டினார்கள்.

தாண்டிவிட்டால் மட்டும் போதாது. டாக்டர் முன்னால் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும், அதில் தேறினால்தான் முடித்த கணக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட ஓடுவது எப்போதும் கணவன்தான். பழக்கத்தில் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நாள் முழுக்கச் சேணத்தில் இருந்த முழங்கால் மடங்கவே இல்லை, ஆனாலும் நொண்டி நொண்டி அவளே ஓடினாள். சின்னவள் பக்கத்தில் சீராக வந்தாள்.

“இது நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் நொண்டுறீங்க” என்றார் டாக்டர். நாடி பார்த்தார், வயிற்றைக் கேட்டார், ஈறை அழுத்தினார். “தேறிடுச்சு. கூட்டிட்டுப் போங்க.”

நாத்தனார் ஓவென்று கத்தினாள். கணவன் திரும்பி நின்றுகொண்டு லாரியின் கதவைத் துடைத்தான், அது ஏற்கெனவே துடைத்த கதவு. மருமகள் சின்னவளைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சேணத்தை இறக்கினாள். சின்னவள் தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தாள், காது முன்னும் பின்னும் ஆடியது.

மாமனார் மெல்லக் கிட்டே வந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் காட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கணவனும் வந்தான். அவனும், யாரும் சொல்லாமலே, கைகளை விரித்திருந்தான். இரண்டு பேரும் குதிரையின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

“ராத்திரிக்குத் தவிடு ஊற வைக்கணும்” என்றாள் மருமகள். “அதுல கொஞ்சம் உப்பு போடணும். ஒருத்தர்தான் போடணும்.”

“உன் புருஷன்கிட்ட கேளும்மா, அவன் போடறானா...”

“நான் கேக்க மாட்டேன்.”

மாமனார் அவளைப் பார்த்தார்.

“இனிமே இங்கேருந்து அங்கயும், அங்கேருந்து இங்கயும் ஒரு வார்த்தை எடுத்துட்டுப் போக மாட்டேன். பேசணும்னா பேசுங்க. பேச முடியலன்னா ரெண்டு பேருமே லாயத்துக்குள்ள வராதீங்க, நான் பாத்துக்கறேன். எப்படிப் பாத்துக்கணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

சொல்லிவிட்டுச் சின்னவளின் முதுகில் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினாள். வெள்ளையாகப் பூத்திருந்த உப்புக் கரைந்து வயிற்றோரமாக வழிந்தது. மாமனார் ஏதோ கனமானதைத் தூக்கப் போகிறவர் போல மூச்சை இழுத்தார். குதிரையின் முதுகுக்கு மேலே, நேராக மகனைப் பார்த்து, ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டார்.

“நீ இப்ப எதுவும் குடுத்தியா?”

“இல்லப்பா” என்றான் மகன். “நீங்க?”

“நானும் இல்ல.”

மாமனார் மூச்சை விட்டார். பிறகு, பழக்கம் விடாமல், மருமகள் பக்கம் திரும்பி, “அவன் எதுவும் குடுக்கலயாம்மா” என்றார்.

“எனக்கும் கேட்டுது” என்றாள் அவள். வாளியை அவர் கையில் கொடுத்தாள். “தண்ணி கொண்டாங்க.”